அம்மாவின் பெயரைச் சேர்க்க ஒரு பைசா செலவில்லை

நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியின் நிர்வாகத்துக்கும், இதே வழக்கத்தை வைத்திருக்கும் திருப்பூரின் மற்றக் கம்பெனிகளின் மனிதவள அலுவலர்களுக்கும்,

சென்ற சம்பள நாளன்று பஞ்சிங் இயந்திரத்துக்கு மேலே ஓர் அறிவிப்பை ஒட்டியிருந்தீர்கள். தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் அட்டையில் குடும்ப உறுப்பினர் பெயர் சேர்ப்பது, திருத்துவது தொடர்பாக இனி வருகைப் பதிவும் சம்பளமும் பார்க்கும் டைம் ஆபீசை அணுகக் கூடாது, தொழிலாளர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் செய்துகொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. அன்றைக்குக் கையில் கொடுத்த சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் என்ற கட்டத்தில் வழக்கம்போல 98 ரூபாய் இருந்தது. அதைச் சொந்தப் பொறுப்பில் கட்டிக்கொள்ளுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. பணம் பிடிப்பது கம்பெனியின் பொறுப்பு, பெயர் சேர்ப்பது மட்டும் எங்கள் பொறுப்பு என்றால் அந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது என் வேலை. குறையைக் கண்டுபிடித்துச் சுட்டிக்காட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். இந்த அறிவிப்பில் நான் கண்ட குறைகளையும் அதே கையோடு சொல்லிவிடுகிறேன்.

தொழிலாளியை இ.எஸ்.ஐ.யில் பதிவு செய்யும் இணையப் பக்கத்தின் கடவுச்சொல் கம்பெனியிடம் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவரின் விவரத்தைப் பத்து நாட்களுக்குள் அனுப்ப வேண்டியது வேலை கொடுப்பவரின் கடமை என்று இ.எஸ்.ஐ. ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. அந்த விவரத்தில் தொழிலாளியின் பெயரும் ஊரும் மட்டும் போதாது; குடும்பத்தில் யார் யார், என்ன வயது, என்ன உறவு, உடன் வசிக்கிறார்களா, வேறு ஊரில் இருக்கிறார்களா என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது. பின்னால் திருமணம், பிரசவம், மரணம் என்று குடும்பத்தில் மாற்றம் வந்தால் தொழிலாளி அதைப் பதினைந்து நாட்களுக்குள் வேலை கொடுப்பவரிடம் சொல்ல வேண்டும். வேலை கொடுப்பவர் அதை மேலே தெரிவிக்க வேண்டும். சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் படிவம் 2 என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. நாங்கள் உங்களிடம்தான் வந்து சொல்ல வேண்டும் என்று விதி சொல்கிறது. எங்களிடம் வராதே என்று உங்கள் அறிவிப்பு சொல்கிறது. இரண்டில் எதை நாங்கள் கேட்பது?

சொந்தப் பொறுப்பு என்பதற்கு நடைமுறையில் என்ன பொருள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் போய் ஆதாரையும் ஓடிபியையும் முன்பின் தெரியாத ஒரு பையனிடம் கொடுத்து, அவன் கேட்கும் பணத்தையும் கொடுத்து, கடைசியில் "இதை உங்கள் கம்பெனிதான் செய்ய வேண்டும் அக்கா" என்று கேட்டுத் திரும்புவது. எங்கள் லைனில் பலர் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். அரை நாள் லீவு போட்டால் சம்பளமும் போகும், வருகை போனஸும் போகும்.

இனிப் பணத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி நம் கம்பெனிகளில் பெரிய தவறான எண்ணம் ஒன்று ஊறிப்போயிருக்கிறது. ஒரு தொழிலாளியின் பெயரில் நாலு பேரைச் சேர்த்தால் கம்பெனிக்குச் செலவு கூடும் என்று எங்கள் சூப்பர்வைசரே உண்மையாக நம்பிக்கொண்டிருந்தார். தனியார் காப்பீட்டில் அப்படித்தான். தலைக்கு இவ்வளவு என்று பிரீமியம் ஏறும். இ.எஸ்.ஐ.யில் அப்படிக் கிடையாது. சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், கம்பெனியின் பங்கு 3.25 சதவீதம். எனக்கு 13,000 ரூபாய் சம்பளம் என்றால் என்னிடம் 98 ரூபாய், உங்களிடம் 423 ரூபாய்க்குள். நான் தனி ஆளாக இருந்தாலும் இதே தொகைதான்; கணவர், பிள்ளைகள், அம்மா என்று எத்தனை பேர் இருந்தாலும் இதே தொகைதான். ஒரு பெயரைச் சேர்ப்பதால் ஒரு பைசா கூடாது. சேர்க்காமல் விடுவதால் ஒரு பைசா மிச்சமும் ஆகாது. பணம் மிச்சமாகிறது என்பதற்காக ஒருவர் அநியாயம் செய்தால் அதற்காவது ஒரு காரணம் இருக்கிறது என்று சொல்லலாம். இங்கே அதுவும் இல்லை.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். 2019 ஜூலைக்கு முன்பு கம்பெனியின் பங்கு 4.75 சதவீதமாக இருந்தது, எங்கள் பங்கு 1.75 சதவீதம். அந்த ஆண்டு இரண்டையும் குறைத்தார்கள். நமக்கு எல்லாருக்கும் நன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 13,000 சம்பளத்தில் 600 பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனிக்கு அந்த ஒன்றரை சதவீதம் மாதம் 1,17,000 ரூபாய். அதில் ஒரு எழுத்தரை வைத்து எங்கள் குடும்பப் பெயர்களை ஏற்ற முடியாது என்று சொன்னால் நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறது.

என் கதைக்கு வருகிறேன். சேரும்போது கொடுத்த படிவத்தில் கணவர், மகன், அம்மா மூவரின் பெயரையும் எழுதியிருந்தேன். குடும்பமாக நின்று ஸ்டூடியோவில் எடுத்த படத்தையும் ஒட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து டைம் ஆபீசில் அட்டை கொடுத்தார்கள். அட்டை என்று பெயர், பார்த்தால் ஒரு ஏ4 தாள். மேலே என் பெயர், பத்து இலக்க எண், கம்பெனியின் எண், மருந்தகத்தின் பெயர். கீழே குடும்பத்தினர் என்று ஓர் அட்டவணை. பெயர், பிறந்த தேதி, உறவு என்று கோடு போட்ட கட்டங்கள். முதல் வரியில் என் கணவர் பெயர், அதுவும் ஓர் எழுத்து மாறி. அதற்குக் கீழே எல்லாக் கட்டங்களும் காலி. கம்பெனி முத்திரை மட்டும் அந்தக் காலி இடத்தில் நன்றாகத் தெளிவாக விழுந்திருந்தது.

மகன் பெயரைச் சேர்க்கக் கேட்டேன். பிறப்புச் சான்றிதழ் கொண்டு வரச் சொன்னார்கள், கொடுத்தேன். பல மாதம் கழித்து ஏறியது. அம்மா பெயரைக் கேட்டபோதுதான் ஒரு பதில் வந்தது. அதை நான் மறக்கவில்லை. "கல்யாணமான பெண்ணுக்கு அம்மா எப்படிக் குடும்பம் ஆவார்? அண்ணன் தம்பி இருந்தால் அவர்கள் அட்டையில் சேர்க்கச் சொல்லுங்கள்."

எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறார். நான் காலையில் எட்டரைக்கு வேலைக்கு வர முடிகிறது என்றால், ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு ராத்திரி போகும்போது என் மகன் சாப்பிட்டுப் படித்து முடித்திருக்கிறான் என்றால், அதற்கு அவர்தான் காரணம். உங்கள் ஏற்றுமதி ஆர்டர் நேரத்துக்குக் கப்பல் ஏறுவதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது கிடக்கட்டும், சட்டத்துக்கு வருவோம். பழைய இ.எஸ்.ஐ. சட்டத்திலேயே குடும்பம் யார் என்று எழுதியிருந்தது. கணவன் அல்லது மனைவி, வயது வராத பிள்ளைகள், சம்பாத்தியத்தை நம்பியிருந்து படிக்கும் பிள்ளை 21 வயது வரை, அதேபோல் நம்பியிருக்கும் திருமணமாகாத மகள், உடலாலோ மனத்தாலோ இயலாத பிள்ளை, பிறகு வருமானம் குறைந்த பெற்றோர். பெற்றோர் என்றால் மகனின் பெற்றோர் மட்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. மகளுக்குத் திருமணமானால் அவள் அம்மா அம்மாவாக இல்லாமல் போய்விடுவார் என்றும் இல்லை. மாத வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பதுதான் விதியில் வைத்த வரம்பு. என் அம்மாவுக்கு வருமானம் என்று சொன்னால், பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பனியன் துணியில் நூல் பிசிர் வெட்டிக் கொடுத்து வரும் சில நூறு ரூபாய்தான்.

சட்டம் இதற்கு மேலேயும் போய்விட்டது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், பெண் தொழிலாளியை நம்பியிருக்கும் பெற்றோர் என்ற கணக்கில் அவளுடைய மாமனார், மாமியாரையும் சேர்த்திருக்கிறார்கள். பெண் சம்பாத்தியத்தில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் சாப்பிடுகிறார்கள் என்பது தில்லியில் இருப்பவர்களுக்கே தெரிந்துவிட்டது. டைம் ஆபீசுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. காலில் சின்னக் காயம் ஆறாமல் இருந்தது. இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன். என் எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். என் பெயர், கணவர் பெயர், மகன் பெயர் வந்தன. அம்மா பெயர் இல்லை. அந்த மருந்தகத்தில் இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டியலில் இல்லாத ஒருவருக்கு அவர்கள் எப்படி மருந்து எழுதுவார்கள்? கம்பெனியில் சொல்லிச் சேர்த்துவிட்டு வாருங்கள், அதுவரை கட்டு மட்டும் போட்டுவிடுகிறோம் என்று மனிதாபிமானத்தோடுதான் அனுப்பினார்கள். நான் மறுநாளே உங்கள் ஆபீசில் கேட்டேன். ஷிப்மெண்ட் முடியட்டும் என்றார்கள். ஷிப்மெண்ட் முடிந்தது. ஆடிட் முடியட்டும் என்றார்கள். அதற்குள் காயம் உள்ளே போய்விட்டது. தனியார் மருத்துவமனையில் சேர்த்து, இரண்டு விரல்களை எடுத்தார்கள். 40,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. குழுக்கடன் வாங்கித்தான் கட்டினேன். வாரத் தவணை இன்னும் ஓடுகிறது.

அரசு மருத்துவமனைக்குப் போயிருக்கலாமே என்று ஆபீசில் ஒருவர் கேட்டார். போயிருக்கலாம்தான். அங்கேயும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மாதாமாதம் பணம் கட்டி ஒரு காப்பீட்டை வைத்திருக்கும் என்னைப் பார்த்து, பணம் கட்டாதவர் போகும் வரிசையில் போய் நில் என்று சொல்வதற்கு, பணத்தைப் பிடித்து அனுப்பும் நீங்கள் யார்? முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்றும் சொன்னார்கள். அதில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். என் ஒருத்தியின் சம்பளமே ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. நீங்கள் கொடுக்கும் சம்பளத்தால் அந்தக் கதவு எனக்கு மூடியிருக்கிறது. அதற்குப் பதிலாகத் திறந்திருக்க வேண்டிய இன்னொரு கதவுதான் இ.எஸ்.ஐ. அதன் சாவியை வைத்துக்கொண்டு ஆடிட் முடியட்டும் என்கிறீர்கள்.

இது என் ஒருத்தியின் பிரச்சினையாக இருந்தால் நேரில் வந்து கெஞ்சியோ சண்டை போட்டோ முடித்திருப்பேன். அப்படி இல்லை என்பதால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

விடுதியில் தங்கி வேலை செய்யும் ஒடிசாப் பெண்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தியின் அட்டையிலும் குடும்பம் என்ற பகுதியில் ஓர் எழுத்துக்கூட இல்லை. குடும்பம் இங்கே இல்லையே, எதற்குப் பெயர் என்று கேட்டிருக்கிறார்கள். படிவத்திலேயே உடன் வசிக்கிறாரா, இல்லையென்றால் எந்த ஊர், எந்த மாநிலம் என்று கட்டம் இருக்கிறது. எதற்காக அந்தக் கட்டத்தை வைத்திருக்கிறார்கள்? இ.எஸ்.ஐ. நாடு முழுவதும் இருக்கும் திட்டம். மகள் திருப்பூரில் ஓவர்லாக் தையல் இயந்திரம் ஓட்டினால், ஊரில் இருக்கும் அவள் அப்பாவுக்கு அங்கே இருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தப் பெண்களில் பாதிப் பேர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றுதான் முன்பணம் கேட்டு ஆபீஸ் வாசலில் நிற்கிறார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

கான்ட்ராக்டில் வருகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம். இன்சூரன்ஸ் எண் ஒருவருக்கு ஒன்றுதான், வாழ்நாள் முழுவதற்கும். கம்பெனி மாறினாலும், ஊர் மாறினாலும், கான்ட்ராக்டர் மாறினாலும் பழைய எண்ணைத்தான் தொடர வேண்டும். ஆனால் புது கான்ட்ராக்டர் வந்ததும் பழைய எண் என்ன என்று கேட்பதற்கு அவருடைய ஆளுக்குப் பொறுமை கிடையாது; புது எண் போட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பழைய எண்ணில் சேர்த்திருந்த குடும்பம் பழைய எண்ணோடு போய்விடுகிறது. குடும்பம் மட்டுமா? அயர்னிங் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். பிரசவ விடுப்புக்கு 26 வாரச் சம்பளம் இ.எஸ்.ஐ. தருகிறது. அதற்கு முந்தைய, ஆறு ஆறு மாதமாகக் கணக்கிடும் இரண்டு பங்களிப்புக் காலங்களில் சேர்ந்து 70 நாட்களாவது பணம் கட்டியிருக்க வேண்டும். அவளுக்கு அதற்கு மேலேயே கட்டியிருந்தது. ஆனால் பாதி நாள் ஓர் எண்ணில், மீதி இன்னோர் எண்ணில். இரண்டு எண்ணையும் ஒன்றாக்க வேண்டும் என்றால் இரண்டு கான்ட்ராக்டரும் கடிதம் கொடுக்க வேண்டும் என்றார்கள்; முதல் கான்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை. நிறைமாதத்தில் அவள் அந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்ததைப் பார்த்தவர்கள் உங்கள் கம்பெனியில் நிறையப் பேர் இருக்கிறோம். குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்று, அட்டையில் அந்தப் பெயர் இன்னும் வரவில்லை.

அவர் கான்ட்ராக்ட் ஆள், எங்களுக்குத் தொடர்பில்லை என்று இதற்குப் பதில் சொல்லாதீர்கள். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்களுக்கான இ.எஸ்.ஐ. பணத்தையும் முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளி, அதாவது வேலை நடக்கும் கம்பெனி; பிறகு அவர் கான்ட்ராக்டரிடம் பிடித்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தத் திட்டத்தின் அமைப்பு. பணத்துக்கு முதன்மை முதலாளியாக இருக்கிறவர் பெயருக்கு மட்டும் மூன்றாம் மனிதராக ஆகிவிட முடியாது.

ஆபீசில் இருப்பவர்களுக்கும் சிரமம் இருக்கிறது என்பதை நான் அறிவேன். இன்ஷியல் பிரச்சினை ஒன்று போதும். திருமணத்துக்கு முன் அப்பா இன்ஷியல், பின் கணவர் இன்ஷியல். ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று. பெரியவர்களின் பிறந்த தேதி அதைவிட வேடிக்கை. ஆதாரைப் பார்த்தால் எங்கள் அம்மாக்கள் எல்லாரும் ஜனவரி 1-ஆம் தேதி பிறந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பும்போது டைம் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் பெண்தான் எங்களிடமும் திட்டு வாங்குகிறாள், மேலேயும் திட்டு வாங்குகிறாள். வருகைப் பதிவு, சம்பளம், பி.எஃப்., கேட் பாஸ் எல்லாவற்றையும் அவள் ஒருத்தி தலையில் கட்டியிருக்கிறீர்கள். அவளுக்கு உதவிக்கு ஆள் போடுவதுதான் இதற்கு வழி. வேலையையே நிறுத்திவிடுவது வழியாகாது. சம்பந்தமில்லாதவர்களைச் சொந்தம் என்று சொல்லிச் சேர்க்கிறார்கள் என்றும் ஒரு புகார் சொல்லப்படுகிறது. யாராவது அப்படிச் செய்தால் ஆதாரம் கேளுங்கள், மறுத்துவிடுங்கள். அதற்காக உண்மையான அம்மாவை வெளியே நிறுத்துவானேன்?

ஒரு வேற்றுமையையும் சொல்லாமல் விட முடியவில்லை. 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் ஸ்டாஃபுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது என்பதால் நீங்களே குழுக் காப்பீடு எடுத்துக் கொடுக்கிறீர்கள். நல்ல காரியம். அதைப் புதுப்பிக்கும் மாதத்தில் ஸ்டாஃப் எல்லாருக்கும் மின்னஞ்சல் போகிறது. மனைவி, பிள்ளைகள் பெயரைச் சரிபாருங்கள், புதிதாகப் பிறந்த குழந்தை இருந்தால் உடனே தெரிவியுங்கள், கடைசித் தேதி இது என்று இரண்டு முறை நினைவூட்டுகிறார்கள். அதற்கு ஒவ்வொரு தலைக்கும் கம்பெனி பணம் கட்டுகிறது. செலவு பிடிக்கும் இடத்தில் நினைவூட்டல், செலவே இல்லாத இடத்தில் அணுகாதே என்ற அறிவிப்பு. இரண்டு பேருக்கும் ஒரே கூரைதான். ஆனால் ஏசி அறையில் இருப்பவரின் குடும்பம் குடும்பம், லைனில் இருப்பவரின் குடும்பம் தொந்தரவு.

ஆடிட் என்ற பேச்சு வந்ததால் அதையும் முடித்துவிடுகிறேன். நம் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர்களின் ஆட்கள் வரும்போது பணம் கட்டிய இ.எஸ்.ஐ. செலானைக் காட்டுகிறீர்கள். எத்தனை பேருக்கு, எவ்வளவு கட்டியது என்று எல்லாம் சரியாக இருக்கும், நான் சந்தேகப்படவில்லை. தேதி தவறாமல் கட்டுகிற கம்பெனிதான் நம்முடையது. ஆனால் அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. பத்துத் தொழிலாளியின் அட்டையை வாங்கிக் கீழ்ப்பாதியைப் பார்த்தால் போதும், தெரிந்துவிடும். அடுத்த முறை வருகிறவர்கள் கேட்டால் நான் என் அட்டையைக் காட்டுவேன். மறைக்க மாட்டேன்.

இந்தத் திட்டம் 1952-ல் கான்பூரிலும் தில்லியிலும் தொடங்கி, 1955-ல் நம் பக்கத்துக் கோவைக்கு வந்தது. மில் தொழிலாளர்களின் பிள்ளைகள் அதே இ.எஸ்.ஐ. மருந்தில் வளர்ந்த பகுதி இது. இன்றைக்குப் பனியன் கம்பெனி வைத்திருக்கும் முதலாளிகளிலேயே பலருடைய அப்பாவோ தாத்தாவோ ஒரு காலத்தில் டெய்லராகவோ மில் தொழிலாளியாகவோ இருந்தவர்கள். அவர்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், மருந்தகத்தில் சீட்டு வாங்கி நின்ற நாட்களைச் சொல்வார்கள்.

இப்போது நான் கேட்பவை.

அந்த அறிவிப்பை எடுத்துவிடுங்கள். அதே இடத்தில், யார் யாரைச் சேர்க்கலாம், என்ன காகிதம் வேண்டும், எந்த நாளில் எந்த நேரத்தில் கொடுக்கலாம் என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தை ஒட்டி ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே போதும். யாரும் லைனை விட்டு வர வேண்டியதில்லை.

அடுத்த சம்பள நாளுக்குள் ஒவ்வொரு தொழிலாளிக்கும், கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் சேர்த்து, கம்ப்யூட்டரில் இன்றைக்கு இருக்கும் குடும்ப விவரத்தை அச்செடுத்துக் கையில் கொடுங்கள். எங்கள் கையால் திருத்திக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். நீங்கள் அதை ஏற்றுங்கள். வாங்கிக்கொண்டதற்குத் தேதி போட்ட ஒரு ரசீது கொடுங்கள். கொடுத்தேன், கொடுக்கவில்லை என்ற வாய்ச்சண்டை அதோடு ஒழியும்.

புதிதாக எடுக்கும் ஆளுக்குச் சேரும்போதே குடும்பத்தோடு பதிவு செய்யுங்கள். சேர்ந்த நாளிலிருந்தே அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு என்பதால் பத்து நாள் என்பதே அதிகம். பழைய இன்சூரன்ஸ் எண் இருக்கிறதா என்று கேட்காமல் புது எண் போடும் கான்ட்ராக்டருக்கு பில் பாஸ் செய்யாதீர்கள். இரண்டு எண் விழுந்தவர்களின் பட்டியலை எடுத்து, கிளை அலுவலகத்துக்குக் கம்பெனியே எழுதி ஒன்றாக்கிக் கொடுக்க வேண்டும். அயர்னிங் பிரிவுப் பெண்ணின் விண்ணப்பத்தை முதலில் எடுங்கள்.

திருமணமான பெண்ணின் பெற்றோரைச் சேர்க்க முடியாது என்று இனி யாரும் வாயால் சொல்லக் கூடாது. முடியாது என்றால் எந்த விதிப்படி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். மாமனார், மாமியாரைச் சேர்க்க விரும்பும் பெண்களிடமிருந்தும் விண்ணப்பம் வாங்குங்கள்.

என் அம்மாவின் ஆதார் நகல், படம், வருமானம் பற்றிய உறுதிமொழி, படிவம் 2 எல்லாவற்றையும் இந்த மடலோடு மறுபடியும் டைம் ஆபீசில் கொடுத்திருக்கிறேன். அவர் காலில் இன்னும் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த வாரத்துக்குள் அவர் பெயர் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் இதே காகிதங்களின் நகலோடு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுப்பேன். லைனில் கையெழுத்துப் போடத் தயாராக இருப்பவர்களின் பெயரும் அதில் இருக்கும்.

இப்படிக்கு,
செக்கிங் பிரிவுத் தொழிலாளி ஒருத்தி,
திருப்பூர்